ஆப்பிளா, ஆண்ட்ராய்டா?



சில திங்களுக்கு முன்னர், எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள கல்லூரி ஒன்றில் ஆண்டு விழாவையொட்டி ஒரு பட்டிமண்டபம் நடைபெற்றது. அதற்கு நடுவராக இருக்குமாறு என்னை அழைத்திருந்தார்கள். கம்பனிலோ சிலம்பிலோ ஏதேனும் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணி, முதல் நாள் இரவு இரண்டு நூல்களைப் புரட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். மேடை ஏறிய பின்னரே அழைப்பிதழைச் செவ்வையாகப் படித்தேன். 'கைப்பேசியில் சிறந்தது ஆப்பிளா, ஆண்ட்ராய்டா?' என்பதே பொருள். வினாத்தாளை முழுதும் படிக்காமல் விடை எழுதத் தொடங்கும் மாணவனைக் கடிந்துகொள்ளும் உரிமையை அன்றோடு நான் இழந்தேன்.

இரு அணியினரும் நன்றாகவே பேசினார்கள். ஆப்பிள் அணியின் தலைவர், தம் கருவி மூன்று ஆண்டுகளில் ஒரு முறையேனும் இடையில் நின்றதில்லை என்றும், அதை ஏந்தியவனுடைய தகவல்கள் பூட்டிய பெட்டகத்தில் இருப்பது போன்றவை என்றும் முழங்கினார். மறுத்துப் பேச எழுந்த மாணவி, "அந்தப் பெட்டகத்தின் விலைக்கு என் தந்தை ஒரு கறவை மாடு வாங்கிவிடுவார்" என்றார். அவையில் எழுந்த ஆரவாரம் அடங்க நெடுநேரம் ஆயிற்று. இறுதியில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "நடுவர் ஐயா அவர்கள் கையில் இருப்பது எது? அதைக் காட்டினாலே தீர்ப்புத் தெரிந்துவிடும்" என்றார். நான் காட்டவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. "பிறிதொரு நாள் சொல்கிறேன்" என்று மணியை அடித்துக் கூட்டத்தை முடித்துவிட்டேன். கிழவருக்குப் பொருள் விளங்கவில்லை என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைச் சொல்வதற்கு வானொலி நிலையத்தார் இன்று வாய்ப்பளித்திருக்கிறார்கள்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர், "வழக்காடுவதற்கு முன்னர்ச் சொல்லின் பொருளைக் கரும்பலகையில் எழுதிவிடு" என்பார். அன்று மேடையில் கரும்பலகை இல்லை. இருந்திருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். ஆப்பிள் என்பது கருவிகளைச் செய்து விற்கும் ஒரு நிறுவனத்தின் பெயர். ஆண்ட்ராய்டு என்பதோ ஓர் இயங்குதளத்தின் பெயர். கைப்பேசியின் திரை, மின்கலம், சில்லு முதலிய உறுப்புகளையெல்லாம் ஒருங்கே இயக்கி, நாம் விரலால் தொட்டதைச் செய்து காட்டும் அடிப்படை மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். ஆப்பிளின் கைப்பேசியில் இருப்பது ஐஓஎஸ் என்னும் அந்நிறுவனத்தின் சொந்த இயங்குதளம். அதை வேறு எவருக்கும் அது கொடுப்பதில்லை. ஆண்ட்ராய்டை உருவாக்கி வளர்ப்பது கூகுள். அதை எடுத்துக் கருவி செய்வோர் உலகெங்கும் பலர்.

இவ்விரண்டின் பிறப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை உலகுக்குக் காட்டினார். அன்று அதில் வெளியார் எழுதிய செயலிகளை நிறுவிக்கொள்ளும் கடையே இல்லை. 2008 ஜூலையில்தான் ஏறத்தாழ 500 செயலிகளோடு அக்கடை திறக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு 2003இல் கலிபோர்னியாவில் ஒரு சிறு நிறுவனமாகத் தோன்றியது. 2005இல் கூகுள் அதை வாங்கிற்று. 2007 நவம்பரில் 34 நிறுவனங்கள் சேர்ந்த ஒரு கூட்டணி அதை ஏற்றுக்கொள்ள, மறு ஆண்டு முதல் கைப்பேசி விற்பனைக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் அடித்தளமாக இருப்பது லினக்ஸ். அதை 1991இல் எழுதி வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது பின்லாந்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பல்கலைக்கழக மாணவர், வயது 21. இதைக் கேட்கும் உங்களுள் பலருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் என்பதை நினைவூட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை. டேப்லெட் என நாம் வழங்கும் பலகைக் கணினியைப் பொறுத்தவரை, 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த ஐபேடே அந்தச் சந்தையைப் பெருக்கியது.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு விருந்தைக் கொண்டு விளக்கலாம். ஆப்பிள், தானே நெல் விதைத்து, தானே சமைத்து, தன் பந்தலிலேயே இலை போட்டுப் பரிமாறும் வீட்டுக்காரர். சோறு குழைந்தால் பழி அவருடையது. நன்றாயிருந்தால் புகழும் அவருடையது. ஆயின், வெளியிலிருந்து ஒரு துண்டு ஊறுகாய் கொண்டு வரவும் அவர் இசைவு வேண்டும். கூகுளோ, இந்தாருங்கள் விதை நெல், இலவசமாக எடுத்துக்கொண்டு போங்கள், அவரவர் வீட்டில் சமைத்துக்கொள்ளுங்கள் என்று வழங்குபவர். ஒருவர் அதைப் பாயசமாக்குவார். ஒருவர் கஞ்சியாகக் காய்ச்சுவார். ஒருவர் கரிய விட்டுவிடுவார். எனவேதான் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஆறாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஓர் இலட்சத்துக்கு மேலும் கிடைக்கிறது. அன்று மேடையில் ஒரு மாணவர் தம் நண்பருடைய ஆண்ட்ராய்டு மெதுவாக நகர்கிறது என்று எள்ளி நகையாடினார். ஒரு வீட்டுப் பாயசத்தை மற்றொரு வீட்டுக் கஞ்சியோடு ஒப்பிட்ட வழக்கு அது. அதில் தீர்ப்புக் கூற இடமில்லை.

இலவச விதை என்றேன். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. விதை இலவசமே, ஆனால், கூகுளின் செயலிக் கடை வேண்டுமென்றால் கூகுளின் பிற செயலிகளையும் சேர்த்தே கருவியில் வைத்து விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. எந்த வீட்டு இலையானாலும் என் ஊறுகாய் முன்வரிசையில் இருத்தல் வேண்டும் என்பது போன்றது இது. இந்தியப் போட்டி ஆணையம் இதை ஆராய்ந்து, 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் கட்டளைகளுள் சிலவற்றை நீக்கிற்றெனினும், அபராதத்தை உறுதி செய்தது. மறுபுறம், தன் பந்தலுக்குள் வேறு கடையே கூடாது என்றிருந்த ஆப்பிள், ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்கு இணங்கி 2024 மார்ச்சில் அந்நாடுகளில் மட்டும் பிறருடைய செயலிக் கடைகளுக்கு வழிவிட்டது. ஆகவே, திறந்த வீடு முற்றும் திறந்ததன்று. பூட்டிய வீடும் முற்றும் பூட்டியதன்று.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். இவ்விரு முகாம்களின் பெயரால் நண்பர்கள் முகம் திருப்பிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். ஆனால், ஐபோனின் உலாவியில் கூகுள் தேடுபொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக, 2022ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றின் ஆவணங்களால் வெளிப்பட்டது. தலைவர்கள் இருவரும் வரவு செலவு வைத்துக்கொண்டிருக்க, தொண்டர்கள் தெருவில் மல்லுக்கு நிற்கிறோம்! வாங்கும் வரையில் நாம் ஆராய்ச்சியாளர். வாங்கிய மறுநாள் முதல் அதற்கு ஊதியமில்லா வழக்கறிஞர். கொடுத்த பணம் வீணாயிற்று என்று ஒப்புக்கொள்ள எவர்க்குத்தான் மனம் வரும்?

முகாம்கள் நிலையானவை என்றும் எண்ணிவிடாதீர்கள். உங்கள் பெற்றோர் இளமையில் ஏந்தியது நோக்கியா. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய அதன் ஆலையில் நம் சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். என்னிடம் பயின்ற மாணவியரும் சிலர் அங்கே போனதுண்டு. முதல் மாத ஊதியத்தில் தாய்க்குப் புடவை எடுத்து வந்து காட்டியவர்கள். நோக்கியா தன் பழைய சிம்பியன் தளத்தைக் கைவிட்டு, 2011இல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் தளத்தைத் தழுவியது. அந்தத் தளத்தை மக்கள் ஏற்கவில்லை. 2014இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டின் கைக்கு மாறிற்று. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேராமல் தனித்து நின்று, அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. ஒரு தளம் தோற்பதென்பது மேடைப் பேச்சில் ஒரு கைதட்டல். அந்தப் பெண்களுக்கோ அது வீடு திரும்பும் பேருந்து. பின்னர் அந்த ஆலையை வாங்கிய சால்காம்ப் நிறுவனம் ஆப்பிளுக்கு மின்னேற்றிகள் செய்து தரும் நிறுவனம் என்பதும், அதே ஸ்ரீபெரும்புதூரில் இன்று ஐபோன்களே ஆக்கப்படுகின்றன என்பதும் நீங்கள் அறிந்திருக்கலாம். விண்டோஸ் கைப்பேசியைப் போலவே, ஒரு காலத்தில் அலுவலர்களின் பெருமைச் சின்னமாக இருந்த பிளாக்பெர்ரியும் மறைந்தது. அதன் பழைய கருவிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4ஆம் நாளோடு நின்றது. டேப்லெட்டுகளிலும் இதே கதைதான். எச்.பி. நிறுவனம் 2011 ஜூலையில் சொந்தத் தளத்தோடு விற்பனைக்குக் கொணர்ந்த டச்பேடை ஏழே வாரங்களில் கைவிட்டது.

இனி, அன்று மேடையில் என் வாயைக் கட்டிப்போட்ட செய்திக்கு வருகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி, ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் பழைய மாணவர்கள் சிலர் இரண்டு இலட்சம் ரூபாய் திரட்டி, பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்குமாறு கொடுத்தார்கள். ஆசிரியர் அறையில் அன்றே ஒரு பட்டிமண்டபம் நடந்தது. அந்தத் தொகைக்கு ஐபேடில் சிறியது ஒன்பது வாங்கலாம். பெயர் அதிகம் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் ஆண்ட்ராய்டுக் கருவி என்றால் முப்பது வாங்கலாம். கணித ஆசிரியர் ஒன்பதே போதும் என்றார். அறிவியல் ஆசிரியர் முப்பது வேண்டும் என்றார். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒன்பதை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது, யாரை மறுப்பது என்ற எண்ணமே என்னிடம் ஓங்கி நின்றது. முப்பது என்று முடிவு செய்தேன். இன்றும் அந்த எண்ணம் தவறென்று நான் கருதவில்லை. ஆயின், எத்தனை என்று கேட்ட நான், எத்தனை ஆண்டுக்கு என்று கேட்கவில்லை.

முதல் ஆண்டு பள்ளியே புதிதாயிற்று. தமிழாசிரியர், பிள்ளைகளைத் தெருத்தெருவாக அனுப்பி ஊர்ச் சொற்களைத் திரட்டச் செய்தார். வயல்களின் பெயர்கள், வாய்க்கால்களின் பெயர்கள், மறைந்துபோன நெல் வகைகள், நடவுப் பாட்டு, தாலாட்டு என்று முதியோர் குரலிலேயே பதிந்து வந்தார்கள். எல்லாவற்றையும் அந்தக் கருவியோடு வந்த குறிப்பேட்டுச் செயலியில் சேர்த்தோம். பார்க்க அழகாக இருந்தது. படமும் எழுத்தும் குரலும் ஒரே பக்கத்தில் நின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாட்டி பாடிய நடவுப் பாட்டைப் பதிந்து வந்து, ஆசிரியர் அறையில் எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். இடையில் பாட்டி இருமுவதும், "போதும்டி, தொண்டை வறளுது" என்று சொல்வதும் அதில் இருந்தன. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாம் ஆண்டில் சில கருவிகள் மின்னேற மறுத்தன. மூன்றாம் ஆண்டில் பல செயலிகள், இந்தப் பதிப்பில் இனி இயங்க மாட்டோம் என்றன. விற்ற நிறுவனம் ஒரு முறையேனும் இயங்குதளத்தைப் புதுப்பித்துத் தரவில்லை. கடிதம் எழுதினேன், மறுமொழி இல்லை. தொலைபேசியில் அழைத்தேன்; அந்த எண்ணே இல்லை என்றது குரல். 2017இல் அந்த மாணவி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு என்னைப் பார்க்க வந்தாள். முந்தைய ஆண்டு பாட்டி இறந்துவிட்டதாகவும், அந்தக் குரல் வேண்டும் என்றும் சொன்னாள். அலமாரியைத் திறந்தோம். மின்கலங்கள் உப்பிக் கிடந்தன. பக்கத்து நகரத்துப் பழுது பார்ப்பவர் ஒருவர் வேறு மின்கலம் பொருத்தி, அவள் பயன்படுத்திய கருவியை உயிர்ப்பித்துக் கொடுத்தார். செயலியைத் தொட்டதும் அது நிறுவனத்தின் கணினியோடு இணையக் கடவுச்சொல் கேட்டது. இணைய வேண்டிய கணினியை நிறுவனம் என்றோ நிறுத்திவிட்டிருந்தது. குரல் உள்ளே இருக்கிறது. கதவுக்கு அப்பால் ஆள் இல்லை. "பரவாயில்லை ஐயா" என்றாள். பிறகும் அரை மணி நேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனாள்.

ஐபேட் வாங்கியிருந்தால் இது நேர்ந்திராது என்று ஆப்பிள் அணியினர் எழுந்து நிற்க வேண்டாம். நாங்கள் வாங்க இருந்தது 2012இல் வெளிவந்த முதல் ஐபேட் மினி. 2016இல் ஐஓஎஸ் பத்தாம் பதிப்பு வந்தபோது அந்தக் கருவி அதற்கு ஏற்புடையதன்று என்று விலக்கப்பட்டது. சற்றுக் கூடுதலாக வாழ்ந்திருக்கும், அவ்வளவே. இதைப் போன்ற செயலியில் பூட்டியிருந்தால் குரல் அங்கும் அகப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு தளத்தின்மீதும் நான் பழி சொல்லவில்லை. அதே ஆண்டில் நல்ல நிறுவனங்கள் செய்த கருவிகள் ஓரளவு நெடுநாள் உழைத்தன. கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளைக் கேளாமல் ஒப்பமிட்டவன் நான்.

அவற்றுள் ஒன்று, எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்பது. புதுப்பிப்பு என்றால் புதிய வண்ணமும் புதிய படமும் என்று பலர் எண்ணுகின்றனர். கள்வர் நுழையும் ஓட்டைகளை அடைப்பதே அதன் தலையாய பணி. இதில் நெடுங்காலம் ஆப்பிளே முன்னின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2013இல் வந்த ஐபோன் 5எஸ் கருவிக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஆண்ட்ராய்டு முகாமில் இரண்டு, மூன்று ஆண்டுகளே வழக்கமாக இருந்தன. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8 கருவிக்கும், 2024 ஜனவரியில் சாம்சங் தன் கேலக்சி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டு என்று வாக்களித்த பிறகு நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. எனினும், அவை விலை உயர்ந்தவை. மலிவான கருவிகளுக்கு அந்த வாக்கு இன்னும் முழுதும் இறங்கி வரவில்லை.

பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கருவிக்கு இன்னும் இரண்டு ஆண்டே புதுப்பிப்பு உண்டென்றால், ஆண்டுக்கு ஆறாயிரம் ஆகிறது. முப்பதாயிரம் ரூபாய்க் கருவிக்கு ஆறு ஆண்டு உண்டென்றால், ஆண்டுக்கு ஐயாயிரம். கணக்கு என்னவோ சரிதான். ஆனால், முப்பதாயிரத்தை ஒரே கையில் எடுத்து வைக்க இயலாத வீட்டுக்கு இந்தக் கணக்கினால் பயனில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கறவை மாடு பற்றிப் பேசிய மாணவி அன்று சொன்னது நகைச்சுவையன்று. அவருடைய அணியில் கேட்கப்பட்ட வாதங்களுள் வலுவானது அதுவே. இந்தியாவில் பயன்படும் திறன்பேசிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டாக இருப்பதன் காரணமும் அதுதான். எனவே, குறைந்த விலைக் கருவி வாங்குவோர், படக்கருவியின் எண்ணைப் பார்ப்பதற்கு முன், புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்று அந்த நிறுவனம் எழுத்தில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆண்டை விற்பனை தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்களா, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து எண்ணுகிறார்களா என்றும் பாருங்கள். பெரும்பாலும் முன்னதே, ஓராண்டு பழைய வகையைத் தள்ளுபடியில் வாங்குகிறவர் அந்த ஓராண்டையும் இழக்கிறார்.

மற்றொன்று, நான் உள்ளே வைப்பதை வெளியே எடுக்க முடியுமா என்பது. வாட்ஸாப் உரையாடல்களை ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு முறைப்படி கொண்டுபோக 2021 வரையிலும், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொண்டுபோக 2022 வரையிலும் வழியே இல்லாதிருந்தது. அதனால் முகாம் மாற அஞ்சியவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் வகுப்பில் எழுதும் குறிப்பு, பதியும் குரல், எடுக்கும் படம் ஆகியவற்றை எந்தக் கருவியிலும் திறக்கக்கூடிய எளிய கோப்பாக வெளியே எடுத்து, வேறோர் இடத்தில் வைக்க அந்தச் செயலி இடம் தருகிறதா என்று முதல் நாளே செய்து பாருங்கள். இடம் தராவிட்டால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும், எந்த முகாமைச் சேர்ந்ததாயிருந்தாலும், உங்கள் பாட்டியின் குரலை அதில் வைக்காதீர்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு நான் கடன்பட்ட தீர்ப்பு இது: அன்று பேசிய ஆறு பேருள் ஒருவர்கூட இவ்விரு கேள்விகளைக் கேட்கவில்லை, ஆகவே வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு விழாவில் அவற்றோடு வந்து வாதிட்டால், நடுவராக நான் மீண்டும் வரத் தயார்.

நடுவர் கையில் இருப்பது எது என்று கேட்ட அந்த மாணவருக்கும் விடை சொல்லிவிடுகிறேன். 2018இல் என் மகன் வாங்கித் தந்த ஆண்ட்ராய்டு அது. பெயர் வேண்டாம். புதுப்பிப்பு நின்று ஆண்டுகள் பல ஆயின. வங்கிச் செயலியை அதிலிருந்து நீக்கிவிட்டு, மாதம் ஒரு முறை வங்கிக்கு நடந்தே போய் வருகிறேன். அன்று அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்க எனக்கு வெட்கமாயிருந்தது.